பாக்ஸும் காக்ஸும் கப்பலேறிய கதை

1847 நவம்பர் 1ஆம் தேதி, லண்டன் லைசியம் அரங்கில் ‘பாக்ஸ் அண்ட் காக்ஸ்’ என்ற சின்ன நாடகம் முதன்முதலாக மேடையேறியது. எழுதியவர் ஜான் மேடிசன் மார்ட்டன். ஒரே அங்கம், ஒரே அறை, மூன்றே பாத்திரங்கள். பவுன்சர் என்ற வீட்டுக்கார அம்மாள் ஓர் அறையை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். பாக்ஸ் செய்தித்தாள் அச்சகத்தில் இரவெல்லாம் வேலை பார்ப்பவன். காக்ஸ் தொப்பி செய்யும் தொழிலாளி, பகலில் வேலை. ஒருவன் எழுந்து போன கட்டிலில் இன்னொருவன் வந்து படுக்கிறான். இருவருக்கும் விஷயம் தெரியாது. அம்மாளுக்கு இரட்டை வாடகை. திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஷிப்ட் வேலைக்காரர்களோடு அறையைப் பங்குபோட்டவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஒருநாள் காக்ஸுக்கு எதிர்பாராமல் விடுமுறை கிடைக்கிறது. அப்போதுதான் வேலை முடிந்து வந்த பாக்ஸ், அடுப்பில் பன்றி இறைச்சித் துண்டு ஒன்றைப் போட்டுவிட்டுக் கண் அயர்கிறான். ஆட்டிறைச்சியோடு திரும்பி வரும் காக்ஸ் அதை எடுத்து வைத்துவிட்டுத் தன்னுடையதை அடுப்பில் போடுகிறான். விழித்துக்கொண்ட பாக்ஸ் ஆட்டிறைச்சியை ஜன்னல் வழியே வீசுகிறான். திரும்பி வந்த காக்ஸ் பன்றி இறைச்சியை அதே ஜன்னல் வழியே வீசுகிறான். இந்த இடத்தில் வசனம் அநேகமாகத் தேவையே இல்லை. மொழி தெரியாதவனும் சிரிப்பான். இதன் பிறகு பெனிலபி ஆன் என்ற விதவையின் கதை வருகிறது. காக்ஸ் மணக்கப்போவது அவளைத்தான். அவளிடமிருந்து தப்பிக்கக் கடலில் விழுந்து செத்ததாக நாடகமாடியவன் பாக்ஸ். அவள் யாருக்கு என்று தீர்மானிக்கப் பகடை உருட்டுகிறார்கள். இருவர் பகடையிலும் ஆறு மட்டுமே விழுகிறது. கடைசியில் அவள் மூன்றாவது ஒருவனைக் கட்டிக்கொண்டு போய்விட, இருவரும் பிரிந்துபோன சகோதரர்கள் என்று தெரிகிறது. எப்படித் தெரிகிறது? இடது கையில் மச்சம் இருக்கிறதா என்று ஒருவன் கேட்கிறான், இல்லை என்கிறான் மற்றவன், அப்படியானால் நீதான் என் தம்பி என்று கட்டிப்பிடிக்கிறார்கள்.

மார்ட்டன் இந்தக் கதையைப் பிரெஞ்சு மேடையில் ஓடிய இரண்டு சிறு நாடகங்களிலிருந்து எடுத்துக் கட்டினார். காலனி நாடுகளுக்கு இங்கிலாந்து கொடுத்த கொடை என்று பேசப்படும் இந்த நாடக வகையே பாதி இரவல் சரக்கு. இதை முதலிலேயே சொல்லிவைப்பதற்குக் காரணம், நம் நாட்டார் பார்ஸ் என்ற இங்கிலீஷ் கேலி நாடகத்தைப் பார்த்துக் காப்பியடித்தார்கள் என்ற பேச்சு நாடக வரலாறுகளில் திரும்பத் திரும்ப வருவதுதான். இந்த வரலாறுகள் ஓரங்கக் கேலி நாடகத்தை அடிக்குறிப்பில் ஒதுக்கிவிட்டு ஷேக்ஸ்பியருக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் கொடுக்கின்றன. என் கட்சி வேறு. இந்தியாவில் ஆட்சியாளர்களை மேடை பார்த்து அஞ்ச வைத்ததில் பெரும் பங்கு, நிகழ்ச்சியின் வால்பகுதியில் ஒட்டியிருந்த இந்தச் சின்ன உருப்படிக்கு உண்டு.

அந்த வால்பகுதி எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் லண்டன் நாடக இரவு நான்கைந்து மணி நேரம் நீளும். பெரிய நாடகம் ஒன்று. அதற்கு முன்னும் பின்னும் சில்லறை உருப்படிகள். ஒன்பது மணிவாக்கில் வருகிறவர்களுக்குப் பாதிக் கட்டணம். தாமதமாக வரும் கடைக்காரர்கள், எழுத்தர்கள், வேலைக்காரர்கள் பார்த்துச் சிரிக்கக் கடைசியில் ஒரு பார்ஸ் இருந்தாக வேண்டும். ஆகவே வாரத்துக்கு வாரம் புதிது தேவைப்பட்டது. மார்ட்டன் ஒருவரே நூற்றுக்கு மேல் எழுதினார். 1843ஆம் ஆண்டு நாடகச் சட்டப்படி ஒவ்வொரு புது நாடகமும் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினின் அனுமதி பெற வேண்டும். கட்டிலையும் அடுப்பையும் பற்றிய நாடகத்தில் அவர் எதைத் தடுப்பார்? அரசியல் இல்லாத நாடகம் என்ற நற்சான்றோடுதான் பார்ஸ் கப்பலேறியது.

கப்பலேறுவதும் சுலபமாக இருந்தது. தாமஸ் ஹெயில்ஸ் லேசி என்ற லண்டன் பதிப்பாளர் இத்தகைய நாடகங்களை ஆறு பென்னி விலையில் மெல்லிய புத்தகங்களாக வெளியிட்டார். யார் எந்தப் பக்கமிருந்து நுழைவது, என்ன உடை, மேடையில் எந்தப் பொருள் எங்கே என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். பட்டாளத்தின் லெப்டினென்ட் ஒருவர் பெட்டியில் பத்துப் புத்தகம் போட்டுக்கொண்டு வந்தால் ஒரு வருஷத்துக்கு நாடகம் தயார். ஒரு மேசை, ஒரு கட்டில், இரண்டு கதவு, ஒரு ஜன்னல் எந்த ராணுவக் குடியிருப்பிலும் கிடைக்கும். கிடைக்காதவர்கள் பெண்கள். அந்தக் குறையையும் 1866இல் பர்னாண்ட் என்ற எழுத்தாளரும் இசையமைப்பாளர் ஆர்தர் சல்லிவனும் தீர்த்துவிட்டார்கள். ஆண்கள் மட்டும் கூடிய ஒரு தனிக்கூட்டத்துக்காக அவர்கள் இதை ‘காக்ஸ் அண்ட் பாக்ஸ்’ என்ற இசைநாடகமாக மாற்றினார்கள். அதில் வீட்டுக்கார அம்மாள் பழைய பட்டாளத்து சார்ஜென்ட் பவுன்சராகிவிட்டார். பெண்ணே இல்லாத, பட்டாளத்துக்காரரே கேலிக்கு ஆளாகும் இந்த வடிவத்தைவிடப் பட்டாளக் குடியிருப்புக்குப் பொருத்தமானது வேறு எதுவும் இருந்திருக்க முடியாது.

எழுதியவருக்கு என்ன கிடைத்தது? 1833ஆம் ஆண்டுச் சட்டம் நாடக ஆசிரியருக்கு மேடையேற்றும் உரிமையைப் பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகள் முழுவதுக்கும் கொடுத்திருந்தது. ஆனால் கடல் கடந்து கணக்குக் கேட்டு வசூலிக்க ஆள் வேண்டுமே. உலகமெல்லாம் தன் நாடகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்க, மார்ட்டன் 1881இல் லண்டன் சார்ட்டர்ஹவுஸ் என்ற ஆதரவற்றோர் இல்லத்தில் சேர்ந்தார். 1891 டிசம்பரில் காலமாகும்வரை அங்கேயே இருந்தார்.

இந்த வகை நாடகம் எங்கெல்லாம் போனது என்பதைப் பார்த்தால் பேரரசின் வரைபடமே விரியும். சிட்னியில் பார்னெட் லெவி 1833 அக்டோபரில் தியேட்டர் ராயலைத் திறந்தபோது, லண்டனில் அனுமதி பெற்ற நாடகங்களையே போடலாம் என்பது நிபந்தனை. முதல் இரவிலேயே பெரிய நாடகத்தோடு ஒரு பார்ஸும் இருந்தது. தென்னாப்பிரிக்காவின் கிரஹாம்ஸ்டவுனில் 1838இல் ஆண்ட்ரூ கெடஸ் பெயின் எழுதிய ‘காட்யே கெக்கல்பெக்’ என்ற கேலிச் சித்திரம் கொய்கொய் பெண் ஒருத்தியை மேடையில் நிறுத்திச் சிரிக்க வைத்தது. வட கடலில் காணாமல்போன பிராங்க்ளினின் பயணக் குழுவைத் தேடிப் போய் ஆர்க்டிக் பனியில் உறைந்து நின்ற அசிஸ்டன்ஸ் என்ற கப்பலில், 1850 நவம்பரில் மாலுமிகள் கேம்பர்வெல்லுக்கு மனைவியை அனுப்பியவனைப் பற்றிய ஒரு பார்ஸை நடித்தார்கள். கிரிமியப் போரில் செவஸ்டபோல் முற்றுகை முடியும் தறுவாயில், 1855 ஆகஸ்ட் கடைசியில், கடற்படைப் பிரிவு தன் கூடார அரங்கில் மார்ட்டனின் ‘ஸ்லாஷர் அண்ட் கிராஷர்’ நாடகத்தைப் போட்டது. பீரங்கிச் சத்தம் காதில் விழும் தூரம் அது.

அட்லாண்டிக்கின் அக்கரையில் பாக்ஸும் காக்ஸும் வேறு சாயம் பூசிக்கொண்டார்கள். நியூயார்க்கில் வெள்ளையர்கள் முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களாக நடிக்கும் மின்ஸ்ட்ரல் குழுக்கள் இருந்தன. ஜார்ஜ் கிறிஸ்டி என்ற நடிகருக்காக இந்த நாடகம் ‘ஆப்பிரிக்க’ வடிவமாக மாற்றி அச்சிடப்பட்டது. மூலத்தில் வறுமையைப் பார்த்துச் சிரித்தார்கள். இங்கே அது நிறத்தைப் பார்த்துச் சிரிப்பதாயிற்று. காலனி மேடையில் பார்ஸ் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் சாயும் என்பதற்கு முதல் எச்சரிக்கை இது. இந்தக் கரிமுக வழக்கம் இந்தியாவுக்கும் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தியாவில் வெள்ளையர் மேடைகள் பெரும்பாலும் அமெச்சூர் மேடைகள். சென்னையில் எழும்பூர் பாந்தியன் என்று பெயர் பெற்ற பொதுக்கூடத்தில் 18ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே நடனமும் நாடகமும் நடந்தன. அந்த வளாகத்துக்கு 1854இல் அருங்காட்சியகம் குடிவந்தது. 1896இல் அங்கேயே மியூசியம் தியேட்டர் எழுந்தது. பாந்தியன் சாலை என்ற பெயர் இன்றும் இருக்கிறது. மியூசியம் தியேட்டரைக் கட்டிய ஹென்றி இர்வின்தான் 1887இல் திறக்கப்பட்ட சிம்லா கெய்ட்டி அரங்கையும் வடிவமைத்தவர். லண்டனில் ஒரே இரவுக்கு ஒரே நாடகம் என்ற பழக்கம் வேரூன்றி, பார்ஸ் மெல்ல வழக்கொழிந்துகொண்டிருந்த காலத்தில், இப்படிப்பட்ட காலனி அரங்குகள் அதற்கு இன்னொரு தலைமுறை ஆயுள் கொடுத்தன.

கல்கத்தாவின் கதை இன்னும் கனமானது. சௌரிங்கி அரங்கை 1835இல் துவாரகநாத் தாகூர் விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். 1839இல் அது தீப்பற்றி எரிந்துபோனது. அங்கே புகழ்பெற்றிருந்த நடிகை எஸ்தர் லீச், இந்தியாவிலேயே பட்டாளத்துக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர், பார்க் ஸ்ட்ரீட்டில் சான்ஸ் ஸூசி என்ற புது அரங்கை எழுப்பினார். 1843 நவம்பர் 2 இரவு. பெரிய நாடகம் முடிந்து ‘தி ஹேண்ட்சம் ஹஸ்பண்ட்’ என்ற ஓரங்கம் நடந்துகொண்டிருந்தது. தன் முறைக்காகப் பக்கவாட்டில் காத்து நின்ற எஸ்தரின் கவுனில் எண்ணெய் விளக்கின் சுடர் பட்டுப் பற்றிக்கொண்டது. உடம்பெல்லாம் எரிந்தபடி அவர் மேடைக்கே ஓடி வந்தார். இரண்டு வாரத்துக்கு மேல் துடித்து இறந்தார். சில ஆண்டுகளில் அரங்கம் மூடப்பட்டது. அந்த இடம் பாதிரிமார் கைக்குப் போய், இன்று அங்கே செயின்ட் சேவியர் கல்லூரி நிற்கிறது. கவுனும் எண்ணெய் விளக்கும் நெருக்கியடித்த அந்தச் சிறு இடத்தில், ஒரு சின்னச் சிரிப்பு நாடகத்துக்காகத் தினமும் உயிரைப் பணயம் வைத்தவர்கள் இருந்தார்கள். காலனி மேடை வரலாற்றில் இவர்களுக்குத் தனி இடம் வேண்டும்.

இந்தியர்கள் இந்த வகையை எங்கே பிடித்துக்கொண்டார்கள்? பம்பாயில் தேதி சொல்ல முடிகிறது. ஜகன்னாத் சங்கர்சேட் இடம் கொடுக்க 1846இல் கிராண்ட் ரோடு அரங்கம் திறந்தது. 1853 அக்டோபரில் பார்சி நாடகக் குழு ஒன்று அங்கே ருஸ்தம்–சொராப் கதையை நடித்தது. முடிவில் ‘தன்ஜி கரக்’ என்ற கேலி நாடகம். பெரிய வீர கதை, கடைசியில் ஒரு பார்ஸ் என்ற லண்டன் வரிசையேதான். கதை பாரசீகம், மொழி குஜராத்தி, சிரிப்புக்கு இலக்கானவர்கள் உள்ளூர்ப் பேர்வழிகள். மராத்திக் குழுக்களும் புராண நாடகத்துக்குப் பின் பார்ஸ் போடத் தொடங்கின. மராத்தியில் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இங்கே ஒரு பழைய வழக்கு உண்டு. சமஸ்கிருத மரபில் பிரகசனம் இருக்கிறதே, காஞ்சியில் 7ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் எழுதிய மத்தவிலாசம் ஓரங்கக் கேலி நாடகம்தானே, வெள்ளைக்காரனிடம் கற்க என்ன இருக்கிறது என்று ஒரு சாரார். எல்லாம் இங்கிலீஷ் பார்ஸின் நகல் என்று மற்றொரு சாரார். மத்தவிலாசத்தின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் கணபதி சாஸ்திரி திருவனந்தபுரத்தில் அதை அச்சிட்டது 1917இல். 1853இல் பம்பாயிலும் 1860இல் கல்கத்தாவிலும் எழுதியவர்கள் அதைப் படித்திருக்க வழியில்லை. உயிரோடு இருந்த மரபு வேறு: தெருக்கூத்தின் கட்டியங்காரன், மராத்தியத் தமாஷா, வங்காளத்து ஜாத்ராவின் கோமாளி. ராஜா முன்னாலேயே ராஜாவைக் கேலி செய்யும் உரிமை அவர்களுக்கு உண்டு. தமிழில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காசி விசுவநாத முதலியார் எழுதிய டம்பாச்சாரி விலாசமும் தாசில்தாரைப் பற்றிய நாடகமும் விலாச வடிவிலேயே ஊதாரிகளையும் அதிகாரிகளையும் கிழித்தன. பார்ஸின் தயவு அவற்றுக்குத் தேவைப்படவில்லை. இங்கிலீஷ் மேடை கொடுத்தது நிகழ்ச்சி நிரலில் ஓர் இடம், அரை மணி நேர அளவு, திரை, கதவு, டிக்கெட். அந்த இடத்தில் உட்கார்ந்து பேசிய வாய் உள்ளூர்க் கட்டியங்காரனின் வாய். சான்றுகள் எல்லாம் இந்தப் பக்கமே நிற்கின்றன.

மைக்கேல் மதுசூதன் தத்தரைப் பாருங்கள். பாய்க்பாரா ராஜாக்கள் தங்கள் பேல்காச்சியா மாளிகை அரங்குக்காகக் கேட்க, அவர் 1860இல் இரண்டு பிரகசனங்கள் எழுதினார். ஒன்று, சங்கம் வைத்துச் சீர்திருத்தம் பேசிக் குடித்துக் கூத்தடிக்கும் இங்கிலீஷ் படித்த இளைஞர்களைப் பற்றியது. மற்றது, ஜபமாலை உருட்டிக்கொண்டே தன் குடியானவனான ஏழை முஸ்லிமின் மனைவிமேல் கண் வைக்கும் கிழட்டு ஜமீன்தாரைப் பற்றியது. அவர் நன்றாக உதை வாங்குகிறார். இரு தரப்பாருக்கும் சுட்டது. மாளிகை அரங்கு இரண்டையும் போடவில்லை. முதலாவதை ஐந்தாண்டு கழித்துச் சோபாபஜார் குழுவினர் நடித்தார்கள். மார்ட்டனின் பாக்ஸும் காக்ஸும் யாரையும் நோகடிக்காமல் விண்ட்சர் அரண்மனையில் ராணி முன்னாலேயே நடித்துவிட்டுப் போனார்கள். அதே அளவுள்ள வங்காள நாடகத்தைக் கேட்டு வாங்கியவர்களாலேயே மேடையேற்ற முடியவில்லை. இந்த வேறுபாட்டை விளக்க வடிவத்தின் வரலாறு மட்டும் போதாது. யார் பக்கத்தில் யார் உட்கார்ந்து சிரிக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

கரிமுக நாடகத்துக்கு வருகிறேன். டேவ் கார்சன் என்ற மின்ஸ்ட்ரல் நடிகர் 1860களில் இந்தியா வந்து ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராக ஆடினார். இங்கிலீஷை உடைத்துப் பேசும் வங்காளி பாபுவாக வேடமிட்டு அவர் பாடிய பாட்டுக்கு வெள்ளையர் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கல்கத்தாவில் அவர் நிகழ்ச்சி சாகிபின் பக்கா தமாஷா என்று விளம்பரமானது. 1873இல் நேஷனல் தியேட்டர் நடிகர் அர்த்தேந்து சேகர் முஸ்தபி பதில் கொடுத்தார். கிழிந்த கோட்டு, கையில் பிடில், வாயில் உடைந்த இந்துஸ்தானி. அவர் சாகிபாகவே மேடையேறினார். பெயர், முஸ்தபி சாகிபின் பக்கா தமாஷா. மேடையிலிருந்து ஆட்சியாளரைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று கட்டணம் கொடுத்து வந்த கூட்டம் கண்டுகொண்டது.

மூன்றாண்டுகளில் அது சட்டத்தைக் கொண்டுவந்தது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் ஆல்பர்ட் எட்வர்ட் கல்கத்தா வந்தார். அரசு வக்கீல் ஜகதானந்த முகர்ஜி அவரைப் பவானிபூர் வீட்டுக்கு அழைத்து, வீட்டுப் பெண்களைக் கொண்டு சங்கு ஊதிக் குலவையிட்டு வரவேற்கச் செய்தார். வெளி ஆண் நுழையாத அந்தப்புரத்தில் அந்நிய இளவரசர்! ஊர் கொதித்தது. 1876 பிப்ரவரியில் கிரேட் நேஷனல் தியேட்டர், ‘சரோஜினி’ என்ற பெரிய நாடகத்தின் வாலில் ‘கஜதானந்தனும் யுவராஜனும்’ என்ற பார்ஸை ஒட்டியது. போலீஸ் தடுத்தது. சில நாளில் அதையே அனுமார் பெயரில் போட்டார்கள். மறுபடியும் தடை. அடுத்து வந்தது ‘தி போலீஸ் ஆஃப் பிக் அண்ட் ஷீப்’, அதாவது பன்றியும் ஆடுமான போலீஸ். போலீஸ் கமிஷனரின் பெயர் ஸ்டூவர்ட் ஹாக், சூப்பரின்டென்டென்டின் பெயர் லாம்ப். இங்கிலீஷில் ஹாக் என்றால் பன்றி, லாம்ப் என்றால் ஆட்டுக்குட்டி. இந்தப் பெயர்கள் ஊருக்கே தெரியும். மேடையில் ஒரு சொல்கூடக் கூடுதலாகச் சொல்ல வேண்டியதில்லை.

வைஸ்ராய் நார்த்புரூக் பிப்ரவரி 29 அன்று அவசரச் சட்டம் பிறப்பித்தார். மார்ச் 4ஆம் தேதி நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே போலீஸ் அரங்கில் புகுந்து இயக்குநர் உபேந்திரநாத் தாஸையும் மேலாளர் அமிர்தலால் பாசுவையும் மற்றவர்களையும் பிடித்துச் சென்றது. வழக்குப் போட்டது பார்ஸின்மீது அல்ல. ‘சுரேந்திர வினோதினி’ என்ற வேறு நாடகம் ஆபாசம் என்று. பார்ஸின்மீது வழக்குப் போட்டால் நீதிமன்றத்தில் ஹாக் யார், பன்றி யார் என்று பேச வேண்டியிருக்கும். இருவருக்கும் ஒரு மாதச் சிறை விதிக்கப்பட்டது, உயர்நீதிமன்றம் விடுவித்துவிட்டது. நீதிமன்றம் கைகொடுக்காது என்று தெரிந்ததும் அரசு அவசரச் சட்டத்தை நிரந்தரமாக்கியது. 1876ஆம் ஆண்டின் 19ஆவது சட்டமான நாடக நிகழ்ச்சிகள் சட்டம் டிசம்பரில் நிறைவேறியது. அவதூறானது, அரசின்மீது வெறுப்பைத் தூண்டுவது, பார்ப்பவர் ஒழுக்கத்தைக் கெடுப்பது என்று அதிகாரி கருதினால் போதும், நாடகத்தைத் தடை செய்யலாம்.

அவுரித் தோட்டக் கொடுமையைக் காட்டிய நீல் தர்ப்பண் போன்ற கனமான நாடகங்களே இந்தச் சட்டத்துக்குக் காரணம் என்று பாடப்புத்தகங்கள் எழுதுகின்றன. அவை சூழலை உண்டாக்கின என்பது சரி. ஆனால் நீல் தர்ப்பண் 1872 டிசம்பரிலேயே டிக்கெட் விற்று மேடையேறிவிட்டது. அப்போது சட்டம் வரவில்லை. அரசின் கையை அவசரமாக அசைத்தது இரண்டு சின்னப் பார்ஸ்கள். துயர நாடகம் அடிபட்டவனைக் காட்டுகிறது. அரசு விசாரணைக் கமிஷன் வைத்துச் சமாளித்துவிடும். கமிஷனரைப் பன்றி என்றதும் அரங்கமே சிரித்தால், மறுநாள் காலை அவர் வீதியில் எப்படிப் போவார்?

சட்டம் வங்காளத்தோடு நிற்கவில்லை. சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அதன் பிரகசனங்கள் வீட்டுக்குள்ளேயே சிரித்தன. பம்மலின் ‘சபாபதி’ அசட்டு எஜமானையும் அதைவிட அசட்டு வேலைக்காரனையும் வைத்துக் கட்டியது. 1941இல் ஏ. வி. மெய்யப்பன் அதைப் படமாக்கியபோது ஊரே ரசித்தது. பார்ஸின் சமர்த்தான தமிழ்ப் பிள்ளை இது. ஆங்கிலம் படித்த வக்கீல்களும் அதிகாரிகளும் நிறைந்த சபை, மாளிகை ராஜாக்கள் அஞ்சிய இடத்துக்கு அருகிலேயே போகவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சபைக்கு வெளியே, மேடைப் பாட்டுக்காகப் பலமுறை சிறை சென்ற நடிகர் விஸ்வநாத தாஸின் காலத்தில் 1876 சட்டம் போலீஸின் கையில் இருந்தது.

சுதந்திரத்துக்குப் பின் அது போகும் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள். எம். ஆர். ராதாவின் ராமாயண நாடகம் கிளப்பிய கொந்தளிப்பில், சென்னை மாநிலம் 1954இல் சொந்தமாக ஒரு நாடகச் சட்டமே செய்துகொண்டது. கஜதானந்தனின் வாரிசு என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் ராதாவைத்தான் சொல்வேன். அன்று காலைப் பத்திரிகையில் வந்த சேதியை மாலையில் மேடையிலேயே சேர்த்துப் பேசுகிறவரை, எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்கும் சட்டம் எப்படிப் பிடிக்கும்? சென்னையில் நாடகம் போடுகிறவர்கள் பிரதியைப் போலீஸிடம் கொடுத்து அனுமதி வாங்கும் வழக்கம் இந்த நூற்றாண்டிலும் தொடர்ந்தது. பரீக்‌ஷா நாடகக் குழுவின் ஞாநி அதை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 2013 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் 1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று தீர்ப்பளித்தது. லண்டனில் லார்ட் சேம்பர்லினின் நாடகத் தணிக்கை 1968இல் முடிந்தது. பன்றியையும் ஆட்டையும் தடுக்கக் கல்கத்தாவில் எழுதிய சட்டத்தைப் பாராளுமன்றம் நீக்கியது, அதற்கு அரை நூற்றாண்டு கழித்து, 2018 ஜனவரியில்.